ஏழு கழகம், இருபத்தொரு ஆட்டம்

யூன் 4, செவ்வாய்

“ரீச்சர், ஏழு கழகம் இருக்குது. ஒவ்வொண்டும் மற்ற எல்லாத்தோடையும் ஒருக்கா விளையாட வேணும். மொத்தம் எத்தனை ஆட்டம் வரும்?”

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து ஒரு கிழமைக்குள் நிமலேசன் வந்து கேட்ட கேள்வி இது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என்னிடம் கணிதம் படித்தவன். இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், முன்தலை ஏறிவிட்டது. கரப்பந்தாட்டப் போட்டி வைக்கப் போகிறோம் என்றான். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கணக்குக் கேட்டு வந்ததில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவனை இருத்தி, வகுப்பில் சொன்ன அதே உதாரணத்தைச் சொன்னேன். கலியாண வீட்டில் ஏழு பேர் சந்திக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேருக்கும் கைகொடுக்கிறார்கள். ஏழு ஆறு நாற்பத்திரண்டு. ஒருதரம் கைகொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆகையால் அதில் பாதி. இருபத்தொன்று.

“எல்லாத்தையும் எழுதித் தாங்கோ ரீச்சர். இல்லாட்டி எனக்குப் பிழைச்சுப் போகும்” என்றான்.

கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம், ஒரு கழகத்துக்கு ஓய்வு என்று ஏழு நாளுக்கும் சோடி சோடியாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன்.

போட்டி நடந்ததாகக் கேள்விப்படவில்லை.

இன்று மாகாண சபைத் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை வந்தது. இருபத்திரண்டாம் திகதி, சனிக்கிழமை. இருபது வருடம் தேர்தல் கடமை செய்தவள் நான். தேர்தல் வந்தால் நாட்குறிப்பு எழுதுவது அந்தக் காலத்துப் பழக்கம். அட்டையைக் கலண்டருக்குப் பின்னால் செருகும்போது ஏனோ அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

முருங்கை பூவும் காயுமாக நிற்கிறது. சோளகக் காற்று எல்லாவற்றையும் உதிர்த்துவிடும் போல இருக்கிறது.

யூன் 6, வியாழன்

கிணற்றுக்குத் தகர மூடி போட ஆளைக் கூப்பிட்டேன். “எதுக்கு ரீச்சர்?” என்று கேட்டான். “இலை விழுது” என்றேன்.

இந்த ஒழுங்கையில் என் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். ஏழு வீடுகள் அள்ளுகின்றன. எங்கள் ஊர் முதிரையடியில் மொத்தம் பத்தொன்பது வீடு. நான் இருப்பது என் அப்பாவின் காணி, உறுதிப் பத்திரம் இருக்கிறது. மற்றப் பதினெட்டுக் குடும்பமும் இடம்பெயர்ந்து வந்து காடு வெட்டிக் குடியிருப்பவர்கள். பத்து வருடமாகக் காணி அனுமதிப் பத்திரத்துக்குக் காத்திருக்கிறார்கள். யூலை ஐந்தாம் திகதி பத்திரம் கொடுக்கிறார்களாம். பட்டியலில் யார் பெயர் வரும் என்று தீர்மானிக்கிறவர் எட்டாம் நம்பர்காரரின் மைத்துனர் என்று ஊரெல்லாம் கதை.

எட்டாம் நம்பர்காரர் கூடைச் சின்னத்தில் நிற்கிறார். மணல் லொறிகள் அவருடையவை. அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிடுவதில்லை, இலக்கம்தான். போன தேர்தலில் அவருக்கு எதிராக நோட்டீஸ் ஒட்டிய ஒருவரின் கிணற்றில் கழிவு எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். பக்கத்து ஊர். இறைத்து இறைத்துப் பார்த்தும் அந்தத் தண்ணீரில் இன்னும் சோறு காய்ச்ச முடியாது.

அடுத்த வீட்டு யோகராணி காலையில் இடியப்பம் கொண்டு வந்தாள். புருஷன் பாம்பு கடித்துச் செத்து எட்டு வருடம். ஒரே மகள் கலியாணம் முடித்து வவுனியாவில். ஊர் முழுவதற்கும் இடியப்பம் அவித்துக் கொடுத்துச் சீவிக்கிறாள். அவள் வளவில் ஆறு தென்னம்பிள்ளை. இந்த வருடம் இரண்டு பாளை விட்டிருக்கிறது.

“பத்திரம் வராட்டி, ஆரின்ரையோ தென்னைக்கு நான் தண்ணி ஊத்தினதாப் போகும் ரீச்சர்” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்த பிறகு மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யூன் 8, சனி

இன்று வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். இலக்கத் தகட்டில் சேறு அப்பியிருந்தது. அவர்களுக்கு முன்னால் நடந்து வந்தவன் நிமலேசன். கையில் மடித்த ஒரு தாள், சட்டைப் பையில் சின்னச் சின்னத் துண்டுகள்.

ஒழுங்கை முகப்பில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னான். கூடைக்கு ஒரு புள்ளடி. அதற்குப் பிறகு, கூடையின் எட்டு வேட்பாளரில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம் அல்லவா? அதில் ஒன்று எட்டாம் இலக்கம். மற்ற இரண்டும் அவரவர் துண்டில் எழுதியிருப்பது.

“ஒவ்வொரு வீட்டுக்கும் வேற வேற சோடி. எண்ணேக்கை எங்கடை ஆள் நிண்டு பாப்பார். உங்கடை வீட்டுச் சோடி வந்தா நீங்கள் எங்களோடை எண்டு தெரியும்.”

மூலை வீட்டுச் சின்னராசா அண்ணைக்கு வாய் சும்மா இருக்காது. “அப்ப, வாக்கு இரகசியம் எண்டு ரேடியோவிலை சொல்லுறாங்களே தம்பி?”

“இரகசியந்தான் அண்ணை. உங்களுக்கும் எங்களுக்கும் இடையிலை.”

“சோடி வராட்டி?”

“யூலை அஞ்சாம் திகதி தெரியும்.”

மோட்டார் சைக்கிளில் இருந்தவர்களில் ஒருவன் என் கிணற்றின் புதுத் தகர மூடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

நிமலேசன் என் படலைக்கு வெளியில் நின்றான். “உள்ளை வாவன்” என்றேன். “அலுவல் கிடக்குது ரீச்சர்.” முகத்தைப் பார்க்காமல் துண்டைப் படலைக் கம்பியில் செருகிவிட்டுப் போனான்.

என்னுடையது 8 – 4 – 7. யோகராணிக்கு 8 – 5 – 6.

யூன் 9, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை. போகவில்லை.

யூன் 11, செவ்வாய்

காலையில் கிணற்றடியில் பாராளுமன்றம் கூடிவிட்டது.

இந்த மாவட்டத்துக்கு ஐந்து ஆசனம். எங்கள் சனம் காலங்காலமாகப் போடுவது நங்கூரத்துக்கு. நங்கூரத்துக்கு நாலு நிச்சயம். கூடைக்கு ஒன்று நிச்சயம். ஐம்பத்தெட்டு வாக்கை வைத்துக்கொண்டு முதிரையடி இதை மாற்ற முடியாது. ஆனால் கூடையின் அந்த ஒற்றைக் கதிரையில் யார் இருப்பது என்பதை விருப்பு வாக்குத் தீர்மானிக்கும். எட்டாம் நம்பர்காரர் இருக்கலாம். அல்லது இரண்டாம் இலக்கத்தில் நிற்கும் அன்னலட்சுமி மிஸி. முகாமில் இருந்த காலத்தில் எங்களுக்கு மருந்து கட்டிய மருத்துவமாது அவ. ஏன் போய்க் கூடையில் நின்றா என்று எல்லோருக்கும் கோபம், அவவில் கோபமில்லை.

“கூடைக்குப் போட்டு, மிஸிக்கு மட்டும் விருப்பு வாக்குக் குடுத்தால் எட்டாம் நம்பர் விழும்” என்றார் சின்னராசா அண்ணை.

“என்ரை கை கூடைக்குப் போகாது” என்றா அவருடைய மனைவி பரிமளம். “செத்தவை எழும்பி வந்து கேப்பினம்.”

“செத்தவைக்கு வோட் இல்லை, பரிமளம். உயிரோடை இருக்கிறவன்தான் கிணத்துக்கை எண்ணெய் ஊத்துறான்.”

“மெல்லக் கதையுங்கோ!”

“என்ரை துண்டைப் பாத்தியளே? எட்டு, ரெண்டு, ஏழு. எனக்கு மிஸி இனாமா வந்திருக்கிறா” என்றார் அண்ணை.

ஒருவரும் சிரிக்கவில்லை. யோகராணி வாளியை நிரப்பிவிட்டும் போகாமல் நின்றாள்.

“கூடாரத்துக்குள்ளை, மழைக்குள்ளை, என்ரை பிள்ளையை எடுத்தது மிஸி. ஒரு பழஞ்சீலையாலை சுத்தித் தந்தவ. அவவுக்குப் போடாமல் நான் வேறை ஆருக்குப் போடுறது? ஆனால் அந்த அஞ்சையும் ஆறையும் போடாட்டி எனக்கு இருக்க இடமில்லை.” என்னைப் பார்த்தாள். “ரீச்சர், நீங்கள் எண்ணுற இடத்திலை நிண்டனீங்கள். உண்மையிலை அவங்களாலை கண்டுபிடிக்க ஏலுமோ?”

பல்லி விழுந்த வாளியைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வாளியில் பல்லி எதுவும் விழவில்லை.

யூன் 13, வியாழன்

கண்டுபிடிக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்து வாக்குப் பெட்டியை வேறு இரண்டு பெட்டிகளோடு கொட்டிக் கலப்பார்கள். ஆனாலும் விருப்பு வாக்கு எண்ணும்போது தாளைத் தாளாகப் பார்க்க வேண்டும். கட்சி முகவர்கள் கம்பிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். கூடைக்காரர் வழக்கமாகத் தங்கள் பெரிய ஆட்கள் மூன்று பேருக்குத்தான் போடுவார்கள். ஐந்தையும் ஆறையும் சேர்த்து ஒருவரும் தற்செயலாகப் போடமாட்டார்கள்.

நேற்றும் இன்றும் மீன் வாங்கப் போகிற சாட்டில் ஒழுங்கையில் நடந்து, யார் யாருக்கு எந்தச் சோடி என்று விசாரித்தேன். மூலை வீடு 2–7. அடுத்தது 3–6. அதற்கடுத்தது 4–5. நாலாவது வீடு 1–3. நான் 4–7. யோகராணி 5–6. அவளுக்கு அங்காலே 2–4.

சாதாரணமாக ஒருவர் எழுதினால் 1–2, 1–3, 1–4 என்று போகும். இது அப்படிப் போகவில்லை. முதல் நாள் ஒன்றாம் கழகத்துக்கு ஓய்வு. இரண்டாம் நாள் இரண்டாம் கழகத்துக்கு.

சூடை மீன் வாங்கினேன். பூனைக்குப் போட்டுவிட்டேன்.

யூன் 14, வெள்ளி

நான் எழுதிக் கொடுத்தது.

யூன் 15, சனி

ஒரு விடயம் பிடிபட்டது. இரண்டு நாளாக அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிழை தேடினேன்.

முகவரின் கையில் இருப்பது சோடிகளின் பட்டியல். ஒரு சோடியைக் கண்டதும் அதற்கு நேரே ‘சரி’ போடுவார். எத்தனை தரம் வந்தது என்று எண்ண வேண்டும் என அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், எண்ணமாட்டார். ஆகவே நாலு வாக்குள்ள வீட்டில் ஒருவர் துண்டில் உள்ளதைப் போட்டால் அந்த வீட்டுக்குச் ‘சரி’ விழுந்துவிடும். மற்ற மூன்று பேரும் தங்கள் விருப்பத்துக்குப் போடலாம். பத்தொன்பது எட்டாம் நம்பருக்குப் போகும், முப்பத்தொன்பது மிஞ்சும்.

யோகராணிக்கு மட்டும் சொன்னேன். நன்றாகத்தான் விளங்கினாள். “வகுப்பிலை எல்லாப் பிள்ளையளும் கத்தத் தேவையில்லை, இடாப்புக் கூப்பிடேக்கை ஒராள் ‘இருக்கிறன்’ எண்டாப் போதும். அப்பிடியோ ரீச்சர்?”

“அப்பிடித்தான்.”

“அப்ப, எங்களைப் போலை வீட்டிலை ஒரே ஒரு வோட் இருக்கிறவை?”

பத்தொன்பது வீட்டிலும் அவளும் நானும்தான் அப்படி.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை” என்றேன்.

யூன் 16, ஞாயிறு

சொல்லிவிட்டாள். இடியப்பப் பார்சலோடு சேர்த்து, வீட்டுக்கு வீடு. “வீட்டுக்கு ஒண்டு போதுமாம்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லையாம், பெயரும் சொல்லவில்லையாம்.

“ஊருக்குள்ளை இப்பிடி யோசிக்கிற ஆள் வேறை ஆர் இருக்கினம், யோகம்?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

யூன் 17, திங்கள்

காலையில் தண்ணீர் அள்ளப் போனேன். கிணற்றுக் கட்டில், தகர மூடிக்கு மேல், ஒரு கறுத்தக் கலன். நாலு லீற்றர் பிடிக்கும். கலனின் மூடி திறக்கப்படவில்லை. பக்கத்தில் மூக்கைக் கொண்டு போனேன். கழிவு எண்ணெய்.

கொண்டுவந்து குளியலறை மூலையில் வைத்துச் சாக்கால் மூடினேன். தண்ணீர் அள்ள வந்தவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வீட்டு வாளியும் நிரம்பும்வரை கயிற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

யூன் 18, செவ்வாய்

நிமலேசன் வந்தான். இன்று படலைக்குள் வந்தான். அன்று இருந்த அதே கதிரையில் இருந்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தேத்தண்ணிக்குச் சீனியை இரண்டு தரம் போட்டேன்; அவன் பார்த்தான்.

“பயப்பிடாதேங்கோ ரீச்சர். ஒரு கணக்குக் கேக்க வந்தனான்.”

இம்முறை கரப்பந்தாட்டம் இல்லை. நேராகவே கேட்டான். “ஒரு வீட்டிலை நாலு வோட் எண்டு வையுங்கோ. நாலும் விழுந்ததோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? அவர் கேட்டவர். எனக்குச் சொல்லத் தெரியேல்லை.”

விடை எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு முதலாம் தவணை. ஒவ்வொரு சோடிக்கும் நேரே ஒவ்வொரு தரமும் ஒரு கோடு. நாலு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டுவது. இவனுக்கும் நான்தான் படிப்பித்தேன். மாங்கொட்டை எண்ணிப் படிப்பித்தது கூட நினைவிருக்கிறது. இவன் மறந்துவிட்டான்.

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் தெரிந்துகொண்டு பிழையான விடை சொன்னதில்லை.

“அதெல்லாம் பாக்கத் தேவையில்லை தம்பி” என்றேன். “மந்தை வீடு திரும்பேக்கை மணி கட்டின ஆடு வந்திட்டுதோ எண்டு மட்டும் பார். அது வந்தால் மற்றதெல்லாம் பின்னாலை வந்திருக்கும். ஒரு சரி போதும்.”

நல்ல உதாரணம். வகுப்பில் சொல்வது போலவே வந்தது.

அவன் கொஞ்சம் யோசித்தான். “அதுவும் சரிதான். வீட்டிலை ஒராள் பயந்தால் எல்லாரும் பயந்ததுதான்.” எழும்பும்போது குளியலறை மூலையில் சாக்கு மூடியிருந்ததைப் பார்த்தான். “உந்தக் கலன் என்ரை வேலையில்லை ரீச்சர். உங்கடை வீட்டிலை வைக்க வேண்டாம் எண்டு சொன்னனான். அவங்கள் என்ரை சொல் கேக்கிறேல்லை.” அவன் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

யூன் 20, வியாழன்

யோகராணி நாலு நாளாகக் கதைக்காமல் பார்சலை வைத்துவிட்டுப் போகிறாள். இன்று மறித்தேன்.

“உன்ரை துண்டை நான் போடுறன்” என்றேன். “எட்டு, அஞ்சு, ஆறு. உன்ரை வீட்டுக்குச் சரி விழுந்திடும். நீ மிஸிக்குப் போடு.”

“அப்ப உங்கடை நாலும் ஏழும்?”

“வராது.”

“ரீச்சர்!”

“எனக்கு உறுதி இருக்குது, பென்சன் இருக்குது. எந்தப் பட்டியலிலையும் என்ரை பேர் தேவையில்லை. என்னை என்ன செய்வினம்?”

இரண்டு பேரும் கிணற்றைப் பார்த்தோம். உடனே வேறு பக்கம் பார்த்தோம்.

“நீங்கள் ஏன் எனக்காக இதைச் செய்ய வேணும்?” என்று கேட்டாள்.

அதைச் சொல்லத்தான் மறித்தேன். ஆனால் முருங்கைக்காய் வேண்டுமா என்று கேட்டு, ஆறு காய் பிடுங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

யூன் 21, வெள்ளி

வெள்ளைச் சேலையைத் தோய்த்து மடித்து வைத்தேன். அடையாள அட்டை, வாக்காளர் அட்டை, கண்ணாடி. 8 – 5 – 6. மறக்கக்கூடிய இலக்கங்கள் இல்லை. ஆனாலும் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன்.

யூன் 22, சனி

பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த அதே அறைதான் வாக்களிக்கும் அறை. வரிசை யன்னல் வரை நின்றது. யோகராணி எனக்கு மூன்று பேருக்கு முன்னால். திரும்பிப் பார்க்கவில்லை.

மறைப்பு என்று வைத்திருந்தது ஒரு மட்டைப் பெட்டி, உயரம் ஒரு முழம். இருபது வருடம் மற்றவர்களை “பயப்பிடாமல் போங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது” என்று இதற்குள் அனுப்பியவள் நான். உள்ளே நிற்கிறவரின் முதுகு எப்படிக் கூசும் என்று இன்றுதான் அறிந்தேன். கூடைக்குப் புள்ளடி. பென்சில் நுனி முறிந்தது. கேட்டு வேறு பென்சில் வாங்கினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எட்டு. ஐந்து. ஆறு. மடித்துப் போட்டேன். இவ்வளவு வருடத்தில் முதல்தடவையாக எனக்குப் பிடிக்காத ஒருவருக்கு வாக்குப் போட்டிருக்கிறேன்.

வெளியில், எல்லைக் கோட்டுக்கு அப்பால், நிமலேசன் நின்றான். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய் வணக்கம் சொன்னான்.

யூன் 23, ஞாயிறு

நங்கூரம் நாலு. கூடை ஒன்று. ரேடியோவில் விருப்பு வாக்கு வாசிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டாம் இலக்கம், முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில்.

மிஸி வென்றுவிட்டா.

ஊரில் ஒரு வெடி கொளுத்தவில்லை. சின்னராசா அண்ணை கூட வெளியில் வரவில்லை. எல்லா வீட்டிலும் ரேடியோவை ஒரே நேரத்தில் நிற்பாட்டினார்கள். படலைகளைச் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. கிணற்று மூடிக்கு மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. இடுப்பு இப்போது நோகிறது.

என் சோடி வரவில்லை என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

யூன் 24, திங்கள்

ஒருவரும் வரவில்லை. இது இன்னும் பயமாக இருக்கிறது.

யூன் 25, செவ்வாய்

நிமலேசன் வந்தான். தனியாக, நடந்து. சவரம் செய்யவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தான். கொப்பித் தாள். என் கையெழுத்து. ஒவ்வொரு சோடிக்கும் நேரே சிவப்புப் பேனையால் ‘சரி’.

“எல்லாம் வந்தது ரீச்சர். பத்தொன்பது வீடும். நானே கம்பிக்கு இஞ்சாலை நிண்டு போட்டனான். பேந்து எப்பிடித் தோத்தம்?”

நான் தாளைப் பார்த்தேன். ஐந்து – ஆறு: சரி. அதற்கு மேல் நாலு – ஏழு. அதற்கும் சரி. மையை விரலால் தொட்டுப் பார்த்தேன். வீடு இல்லாத கடைசி இரண்டு சோடிகள் மட்டுந்தான் வெறுமையாக இருந்தன.

“ரீச்சர், கோடு போட்டு எண்ணியிருக்க வேணுமோ? நாலு கோடு, பேந்து குறுக்காலை ஒண்டு? நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. மாங்கொட்டையும் ஞாபகம் வந்தது.”

“எனக்கு வயது போச்சு தம்பி. இப்ப கணக்குப் பிழைக்குது.”

“உங்களுக்குப் பிழைக்காது” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. “நான் அவருக்கு, ‘பத்தொன்பதும் வந்தது, முதிரையடியிலை பிழையில்லை, பிழை வேறை எங்கையோ’ எண்டு சொல்லிப்போட்டன். இனி மாத்திச் சொல்ல ஏலாது. மாத்திச் சொன்னால் எண்ணெய் விழுற கிணறு என்ரை.”

“அந்தத் தாளைத் தந்திட்டுப் போ.”

மடித்தான். அதே பைக்குள் வைத்தான். “அடுத்த தேர்தலுக்கும் கேப்பினம் ரீச்சர். அப்ப கையிலை ஏதும் இருக்க வேணும்.”

அவன் போன பிறகு கணக்கைப் பார்த்தேன். நான் யோகராணியின் துண்டைப் போட்டேன். என் துண்டைப் போட அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. இரண்டு பேரில் ஒருவரும் மிஸிக்குப் போடவில்லை. அவரவர் துண்டை அவரவர் போட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் தேவையற்ற படிமுறை என்று சிவப்பால் கோடு போட்டிருப்பேன்.

யூலை 5, வெள்ளி

பட்டியலை வாசித்தார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் பதினெட்டுக் குடும்பமும் தரையில் இருந்தது. யோகராணியின் பெயர் பதினாறாவது. அவள் உடனே எழும்பவில்லை. “எழும்பு” என்று தோளைத் தட்டினேன். பத்திரத்தைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு வந்தாள், அன்று மிஸி பிள்ளையைச் சுற்றிக் கொடுத்ததாகச் சொன்னாளே, அதுபோல.

திரும்பி நடக்கும்போது சொல்லிவிட்டேன். “யோகம், அந்தச் சோடிக் கணக்கு நான் எழுதிக் குடுத்தது. விளையாட்டுக்கு எண்டு கேட்டவன்.”

“தெரியும் ரீச்சர்.”

நான் நின்றுவிட்டேன்.

“துண்டு தரேக்கை அவன்ரை கையிலை தாள் இருந்ததெல்லோ? ஏழுக்கு நடுவாலை கோடு கிழிக்கிறது இந்த ஊரிலை நீங்கள் ஒராள்தான். எல்லாருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சும் நீ என்ரை நாலையும் ஏழையும் போட்டியோ?”

“வாங்கோ, வெய்யில் ஏறுது” என்றாள். “மிஸிக்கு முப்பத்தொண்டு மிச்சமாத்தானே விழுந்தது. என்ரை ஒண்டு இல்லாட்டி என்ன? உங்கடை கிணத்திலை நானும் தண்ணி அள்ளுறன்.”

யூலை 7, ஞாயிறு

பூசைக்குப் போனேன். வரும் வழியில் சின்னராசா அண்ணை படலையில் மறித்தார்.

“ரீச்சர், நீளம் பத்தடி, அகலம் ஆறடி. சுத்திவர எத்தனை அடி கம்பிவலை வேணும்?”

வாயில் விடை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“எதுக்கு?”

“கோழிக்கூட்டுக்கு.”

“எத்தனை கோழி?”

“பதினொண்டு. என்ன ரீச்சர், பொலிஸ் மாதிரிக் கேக்கிறியள்?”

கோழிகளைக் காட்டச் சொன்னேன். வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எண்ணினேன். பதினொன்று இருந்தன. முப்பத்திரண்டு அடி, கதவுக்கு இரண்டைக் கழியுங்கோ என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கம்பிவலையின் அளவை நான் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை.

கலன் இன்னும் குளியலறை மூலையில் இருக்கிறது. எங்கே கொட்டினாலும் நிலத்தடித் தண்ணீருக்குப் போகும். கிணற்று மூடிக்கு மேல் அம்மிக்கல்லும் இருக்கிறது. தண்ணீர் அள்ள வருகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி இறக்கி, போகும்போது திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள். நிமலேசனின் சட்டைப் பையில் தாள் இருக்கிறது.

இந்தக் கொப்பியை எனக்குப் பிறகு யாராவது எடுத்து வாசிக்கலாம். அவருக்கு ஒன்று. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விடயத்தை அடுத்த முறை யாராவது மரியாதையாகக் கேட்டு வந்தால், பென்சிலை எடுப்பதற்கு முன்னால் “எதுக்கு?” என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.